விட்டுக்கொடுத்த புலிகள்

மாதேஸ்வரனுக்குப் பக்கவாதம் வந்தது சித்திரைக் கடைசியில். கிணற்று மேட்டுக் கொல்லையைச் சாமந்தி நடுவதற்காக உழுது போட்டுவிட்டு வந்தவர், கை கழுவக் குனிந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். இடது கையும் காலும் மரத்துப்போயிருந்தன. பேச்சுக்குப் பழுதில்லை. வீட்டுக்கு வந்தபோது, இனி கைகாலைத் தேற்றிவிட்டால் போதும் என்றுதான் அவர் மனைவி காவேரி நினைத்தாள்.

ஆனால் கைகாலைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று இருந்தது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பது அவருக்குக் குழம்பிப்போயிருந்தது. சட்டையைப் போட்டு, அதன்மேல் பனியனை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒருநாள் அவள் பூக்கூடையை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, வெறும் பாத்திரத்தில் டீத்தூளையும் சர்க்கரையையும் கொட்டி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, டீ கொதிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றிருந்தார். வீடு முழுக்கக் கருகிய வாசனை. என்ன தப்பு நடந்தது என்று அவருக்கே புரியவில்லை. நல்லம்பள்ளி வட்டாரத்தில் எந்தக் கொல்லைக்கு எப்போது தண்ணீர் விடுவது, எந்த நாள் பூவை எந்த நாள் சந்தைக்கு அனுப்பினால் விலை நிற்கும் என்று நாலு பேர் வந்து கேட்டுப்போகிற மனுஷர் அவர். காவேரி பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் பின்பக்கம் போய், அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

தர்மபுரியில் அவர்கள் போய்வந்த பயிற்சி நிலையத்தில் மெஹ்ஜபீன் என்றொரு பெண் இருந்தாள். அடிபட்ட மூளைக்கு மறுபடியும் வேலை பழக்குவதுதான் தன் படிப்பு என்று அவள் காவேரிக்கு விளக்கியிருந்தாள். அவள் மேசை மேல் மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. நிறக் கட்டைகள், அட்டைத் துண்டுகளைப் பொருத்திச் சேர்க்கும் படங்கள், மரப் பெட்டிகள் என்று குழந்தைகள் கடைபோல் இருக்கும். முதல் நாள் மாதேஸ்வரன் அதையெல்லாம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பால்வாடிக்குக் கூட்டி வந்திருக்கிறாயா என்று காவேரியிடம் கேட்டார்.

மெஹ்ஜபீன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னப் பெட்டியை அவர் முன்னால் தள்ளினாள். அதற்குள் மர லாரிகள் குறுக்கும் நெடுக்குமாக அடைத்து நின்றன. நடுவில் மாட்டியிருக்கும் சிவப்பு வண்டியை வெளியே எடுக்க வேண்டும். எதையும் தூக்கக் கூடாது, நகர்த்தத்தான் செய்யலாம். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தொப்பூர் கணவாயில மாட்டுனாப்ல இருக்குது" என்றார். அவ்வளவுதான், விரல் தானாகப் பெட்டிக்குள் போய்விட்டது. அன்றைக்கு வண்டி வெளியே வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தது.

வீட்டில் ஆடுவதற்கு மெஹ்ஜபீன் கொடுத்தது ஆடு புலி ஆட்டம். அட்டையில் அச்சடித்த கட்டம், மூன்று பெரிய காய் புலி, மற்ற சின்னக் காயெல்லாம் ஆடு. அவர் ஆட்டுப் பக்கம்தான் ஆட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். புலி தனக்குத் தோன்றியபடி பாயலாம். ஆடு அப்படியில்லை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று துணை நின்றால்தான் பிழைக்கும். பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி அடித்துவிடும். மூன்று புலியையும் நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு ஜெயம். இதை வைத்தால் அடுத்தது என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யோசனையைத்தான் அவருக்குத் திரும்பப் பழக்க வேண்டும் என்றாள்.

காவேரிக்கு அதற்கு முன்னால் அந்த ஆட்டம் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உட்கார்ந்து விளையாட நேரம் என்று ஒன்று வாய்த்ததும் இல்லை. ஆனாலும் விதியை ஒரு தடவை கேட்டதும் பிடித்துக்கொண்டாள். முன் அறையில் பிளாஸ்டிக் ஸ்டூலை நடுவில் போட்டு, அட்டையை விரித்து, முதல் ஆட்டம் ஆடினார்கள். அவர் ஆடுகளை இறைத்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தார். அவள் புலி ஒவ்வொன்றாக அடித்தது. பாதி ஆட்டத்திலேயே ஆடுகள் தீர்ந்துபோயின. மாதேஸ்வரன் அட்டையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு வலது கையால் எல்லாக் காயையும் தரையில் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

மறுநாளிலிருந்து காவேரியின் புலிகளுக்குப் பார்வை மங்கிவிட்டது. தனியாக நிற்கும் ஆட்டை விட்டுவிட்டு வேறு பக்கம் போகும். தானே போய் மூலையில் நின்றுகொண்டு, அடைபடக் காத்திருக்கும். அவர் ஜெயிக்க ஆரம்பித்தார். முகம் தெளிந்தது. பால் எடுக்க வருகிறவரிடம், "இன்னைக்கும் புலிய அடைச்சிட்டேன்" என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. அதைக் கேட்கும்போது அவளுக்கு வயிறு குளிரும். தான் செய்வது தப்பு என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

அதே சமயத்தில் இன்னொன்றையும் அவள் அவருக்குத் தெரியாமல் செய்திருந்தாள். உழுது போட்ட கிணற்று மேட்டுக் கொல்லை சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரிக்கும், வீட்டுப் பக்கம் பூத்துக்கொண்டிருந்த சம்பங்கிக் கொல்லைக்கும் அலைவதற்கே அவளுக்குப் பொழுது பத்தவில்லை. மாதேஸ்வரனின் தம்பி தர்மன் ஒருநாள் வந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டு, அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டான். அவள் சரியென்றாள். அவன் தக்காளி நட்டான். கணவரிடம் மட்டும் சாமந்தி நட்டாயிற்று என்று சொல்லிவைத்தாள். அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. தெரிந்தால் தாங்கமாட்டார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். தர்மனும் அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

ஆவணியில் ஒரு காலை, சம்பங்கியை அனுப்பிவிட்டு வந்து வழக்கம்போல் ஆட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் போனதும் மாதேஸ்வரன் ஓர் ஆட்டை வைத்தார். அதன் பின்னால் இடம் காலி. புலி தாண்டினால் ஆடு போச்சு. காவேரி அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் வேறொரு புலியை நகர்த்தினாள். அவர் இன்னோர் ஆட்டை எடுத்தார். நிதானமாக, நேராக அவள் புலிக்குப் பக்கத்தில், துணையில்லாத இடத்தில் வைத்தார். காவேரி மறுபடியும் அதைத் தொடவில்லை.

"மொதல்ல வெச்சது கைத்தப்பு," என்றார். "இது வேணும்னே வெச்சது."

காவேரி காய்களைச் சேர்க்கக் கை நீட்டினாள்.

"ஒன் கண்ணு ரெண்டு தடவையும் அந்த ஆட்டு மேல போயிட்டுத்தான் வந்துச்சு. எப்பலேர்ந்து இப்படி ஆடற?"

"மொத நாளு நீங்க சாப்புடல. அதுக்கு அடுத்த நாள்லேர்ந்துங்க."

அவர் காயைத் தள்ளவில்லை, கத்தவில்லை. கட்டைக் கோலை ஊன்றி எழுந்து, மெதுவாக உள் அறைக்குப் போனார். அதற்குப் பிறகு பல நாள் அட்டை விரிக்கப்படவே இல்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். பால்காரர் இன்றைக்கு யார் ஜெயித்தது என்று கேட்டபோது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்த முறை பயிற்சி நிலையத்துக்குப் போனபோது, அவர் உள்ளே கைக்குப் பயிற்சி செய்துகொண்டிருக்கையில் காவேரி மெஹ்ஜபீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மெஹ்ஜபீன் குறுக்கே பேசாமல் கேட்டாள். இரண்டாவது ஆட்டை அவர் எங்கே வைத்தார், வைத்துவிட்டு என்ன சொன்னார் என்று மட்டும் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அக்கா, நீங்க தெரியாம ஒரு பெரிய பரீட்சை வெச்சிட்டீங்க," என்றாள். "நீங்க மனசுல என்ன நெனைக்கிறீங்கன்னு அவருக்குச் சந்தேகம் வந்திருக்கு. சந்தேகத்த நிச்சயம் பண்ணிக்க ஒரு ஆட்ட எரயா வெச்சிருக்காரு. அடுத்து என்ன, அதுக்கடுத்து என்னன்னு யோசிக்காம இத செய்ய முடியாது. நான் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

காவேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. மெஹ்ஜபீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே வுட்டுக் குடுக்காதீங்க. தோத்தா தோக்கட்டும். அவர ஏமாத்துறது அவருக்குத் தோல்வியவிட வலிக்கும்."

சந்தோஷத்தோடுதான் பஸ் ஏறினாள். அதியமான்கோட்டை தாண்டுவதற்குள் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டத்தில் வைத்த பொய்யைக் கண்டுபிடித்த மனுஷர், கொல்லையில் வைத்த பொய்யை எத்தனை நாளைக்குக் கண்டுபிடிக்காமல் இருப்பார்? இன்றைக்கு நாமே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வீடு வந்துவிட்டது.

அவளுக்கு முன்னால் அவரே ஆரம்பித்தார். சாயங்காலம் அவள் விளக்குமாற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முன் அறை நாற்காலியில் இருந்தபடி அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"சாமந்தி இந்நேரம் பூத்திருக்கணும். நீ அதப்பத்தி ஒரு வார்த்த பேசல. பறிக்க வர்றவங்க மேல சம்பங்கி வாசனதான் அடிக்குது. சம்பங்கிக்கு ஒரு வேள மோட்டார் போதும், ரெண்டு வேள ஓடுது. தக்காளிப் பெட்டி ஏத்துற வண்டி நம்ம பாதையில திரும்புற சத்தம் கேக்குது. தர்மன் வந்தா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான்." மூச்சு வாங்க நிறுத்தினார். "கெணத்து மேட்ட அவனுக்கு வுட்டுட்டியா, காவேரி?"

"வுட்டுட்டேங்க."

"ஏன் சொல்லல?"

"ஒடஞ்சு போயிடுவீங்கன்னு."

"ஒடஞ்சுதானே கெடக்கறேன். காது நல்லாத்தானே இருக்குது. சொல்லியிருக்கலாமில்ல."

அதைச் சொல்லும்போதே அவர் உதடு கோணியது. வலது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. காவேரி கிட்டே போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்: தர்மன் வந்து கேட்டது, தான் ஒரு நாள் முழுக்க யோசித்தது, சம்பங்கியில் நோய் விழுந்து கொஞ்சம் வீணானது, ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டோரம் நின்று அழுதது, எல்லாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நோய்க்கு என்ன மருந்து அடித்தாய் என்று இடையில் விசாரித்தார். அவள் சொன்ன பெயர் சரிதான் என்று தலையாட்டினார்.

மறுநாள் தர்மனை வரச் சொன்னார்கள். அவன் வாசலிலேயே தயங்கி நின்றான். வேண்டுமென்றால் இந்தப் பயிரோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். மாதேஸ்வரன் வேண்டாம் என்றார். நட்டதை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை, பேசினபடி தை வரைக்கும் வைத்துக்கொள் என்றார். ஆனால் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வருகிற நேரத்தில் இரண்டு கொல்லைக்கும் யார் எப்போது தண்ணீர் விடுவது என்பதைத் தன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். தர்மன் அண்ணியைப் பார்த்தான். காவேரி, "அவர்கிட்டயே சொல்லு தர்மா" என்றாள். அவன் அண்ணன் முகத்தைப் பார்த்து, சரிண்ணா என்றான்.

தண்ணீருக்கு முறை போடுவது அவருக்கு லேசாக இருக்கவில்லை. கரண்ட் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மாறி வரும். சம்பங்கிக்கு ஒரு கணக்கு, காய் பிடித்த தக்காளிக்கு வேறு கணக்கு. ஸ்டூல் மேல் ஆட்டுக் காய்களை நாளுக்கு ஒன்றாக அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். தலை வலிக்கிறது என்று படுத்துக்கொள்வார். கடைசியில் தண்ணீர் விட ஒரு முறையைச் சொன்னார். அதில் ஒரு நாள் தக்காளிக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகிறது என்று காவேரிக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. சொல்லாமல் தானே போய் வால்வைத் திருப்பிவிட்டு வந்திருப்பாள், முன்பென்றால். இப்போது, "வியாழக்கெழம தக்காளி காயுதுங்க, பாருங்க" என்றாள்.

மத்தியானம் வரை அவர் அவளோடு பேசவில்லை. அப்புறம் கூப்பிட்டு, நீ சொன்னது சரிதான் என்று வேறு முறை போட்டார். அந்த முறை நிலைத்தது. தர்மன் அதன்படியே தண்ணீர் கட்டினான்.

ஆட்டமும் மறுபடி தொடங்கியது. காவேரி இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினாள். தினமும் அவர்தான் தோற்றார். முதல் சில நாள் முகம் சுண்டியது, ஆனால் காயைத் தள்ளவில்லை. எந்த இடத்தில் விட்டேன் என்று கேட்டு, ஆட்டத்தைப் பின்னால் நகர்த்திப் பார்ப்பார். அவளுக்கும் ஒன்று பிடிபட்டது. அடுப்பில் நிற்கும்போதும், பூ பறிக்கும்போதும் அந்தக் கட்டமே கண்ணுக்குள் நிற்கிறது. இந்தப் பக்கம் வந்தால் அவர் அப்படி வருவார் என்று மனம் தானாக ஓடுகிறது. தனக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்று அவளுக்கே இத்தனை நாள் தெரியாது.

"நீ இத்தன கெட்டியா ஆடுவேன்னு நான் நெனைக்கல," என்றார் ஒருநாள், இரண்டு புலியை அடைத்துவிட்டு மூன்றாவதை எட்ட முடியாமல்.

"நானும் நெனைக்கலீங்க," என்றாள்.

புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு முன்னால் பூவுக்கு நல்ல கிராக்கி. ஒருநாள் காலை பறிக்கிற பெண்கள் வந்து நின்றபோது, கோலை ஊன்றிக்கொண்டு மாதேஸ்வரன் தானே சம்பங்கிக் கொல்லை ஓரம் வரை நடந்து போனார். எந்த வரிசையை முதலில் பறிப்பது என்று கை காட்டினார். சின்னம்மாள் என்கிற பெண் அந்த வரிசை நேற்றே பறித்ததாயிற்றே என்றாள். அவர் ஒரு நிமிஷம் நின்று யோசித்தார். பிறகு அடுத்த வரிசையைக் காட்டினார். காவேரி தலைத்துணியைக் கட்டிக்கொண்டு அவர் காட்டிய அந்த வரிசைக்குள் இறங்கினாள்.