நம்பி இருப்பவர்கள்

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். முகம் கிடையாது, பெயர் கிடையாது. வயது, வேலை, நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இயந்திரம் காலி, யாருக்குக் கொடுப்பது? முப்பது வினாடிக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். இடது பக்கம் முப்பத்தோரு வயது ஆசிரியர், இரண்டு குழந்தைகள். வலது பக்கம் ஐம்பத்தெட்டு வயது, வேலை இல்லை, நம்பி யாரும் இல்லை. அவள் வலது பக்கத்தை அழுத்தினாள். ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று வந்து போயிற்று.

அந்தக் கூடத்தில் நாற்பது மேசைகள். நாளுக்கு ஆளுக்கு எண்ணூறு கேள்விகள். கணினிக்கு நியாய அநியாயம் சொல்லிக்கொடுக்கும் வேலை என்று சேரும்போது சொன்னார்கள். பெரிய வேலைதான், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புதான் விட்டுப்போகிறது. ஒரே கேள்வி ஐந்து பேருக்குப் போகும். அதிகம் பேர் எதைச் சொல்கிறார்களோ அது சரி, மற்றவர்களுக்குச் சிவப்புப் புள்ளி. முதலில் 'சொல்லத் தெரியவில்லை' என்று மூன்றாவது பொத்தான் ஒன்றும் இருந்தது. எல்லாரும் அதையே அழுத்தியதால் எடுத்துவிட்டார்கள்.

மேற்பார்வை பார்க்கும் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த வாரமும் நூத்துக்கு எழுபத்தொண்ணுதான் சரி. எண்பதுக்குக் கீழ போனா என் கையில ஒண்ணும் இல்ல. நாளைக்கு இருபது கேள்வி வெச்சு ஒரு டெஸ்ட். அதுவும் போச்சுன்னா வேலையே போயிடும்." குரலைத் தாழ்த்தினாள். "மத்ததெல்லாம் கரெக்டா பண்றீங்க. வேலை இல்லாத வயசானவங்க வந்தா மட்டும் என்னக்கா பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்லம்மா. விரல் அங்கயே போகுது."

வேலை போனால் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையும் போய்விடும். அந்த அட்டையை வைத்துத்தான் வாரத்துக்கு மூன்று நாள் அவள் கணவருக்கு ரத்தம் சுத்தம் செய்கிறார்கள்.

வீட்டில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஊசி ஏறி ஏறி இடது கை கயிறு கயிறாகப் புடைத்துக் கிடந்தது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டதும் வேலை போயிற்று, கிண்டல் மட்டும் போகவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னைத் தள்ளிவிடத் தெரியாமலா வேலையைக் கெடுத்துக்கறே, கண்டக்டரம்மா?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. வா, ப்ராக்டிஸ் பண்ணலாம்."

இடது பக்கம் டப்பா மூடியையும் வலது பக்கம் தன் கண்ணாடிக் கூட்டையும் வைத்தார். அவைதான் பொத்தான்கள்.

"இருபத்தெட்டு வயசு நர்ஸ், ஒரு கைக்குழந்தை. இந்தப் பக்கம் அம்பத்தேழு வயசு, பஸ் ஓட்டினவன், இப்ப சும்மா இருக்கான். சீக்கிரம், பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான்."

அவள் கை கண்ணாடிக் கூட்டுக்குப் போயிற்று. அவர் அதைப் பிடித்து மூடியின் மேல் வைத்தார்.

"நியாயமாப் பாத்தாலும் அந்த நர்ஸுக்குத்தானே கொடுக்கணும்?"

"நியாயமாப் பாத்தா இன்னொரு மெஷின் வாங்கணும்."

"அதுக்குத்தான் பொத்தான் இல்லையே."

பத்தாவது கேள்விக்கு அவள் கை தானாகவே மூடிக்குப் போயிற்று. "பாஸ்!" என்று அவர் மேசையைத் தட்டினார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அட, ஸ்க்ரீன்ல இருக்கறவன் நான் இல்ல. நான் இங்கதான இருக்கேன், பாரு." புடைத்த கையால் அவள் கன்னத்தைத் துடைத்தார். அந்த மனிதர்மேல் அவளுக்குப் பொறுக்கமுடியாத பிரியம் வந்தது.

மறுநாள் இருபதும் சரி. மாலையில் அவர் வாசலிலேயே கேட்டார்.

"எத்தனை தடவை என்னைத் தள்ளினே?"

"பதினோரு தடவை."

"கை தேறிடுச்சு போ."

மூன்று மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அவரோடு சிகிச்சைக்குப் போனாள். ஆறு இயந்திரங்களில் ஒன்று பழுதாகி, துணி போர்த்தி மூலையில் நின்றது. முதலில் வந்தவர்கள் இவர்கள்தான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். நர்ஸ் புதிதாக ஒரு டேப்லெட்டோடு வந்தாள்.

"இனிமே வரிசையை இதுதான் சொல்லும் சார், நாங்க இல்ல. வயசு?"

"அம்பத்தேழு."

"வேலை?"

"பஸ் ஓட்டினேன். இப்ப இல்ல."

மூன்றாவது கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"உங்களை நம்பி எத்தனை பேர்?"

அவர் யோசிப்பதற்குள் அவள், "நான் இருக்கேன்" என்றாள்.

நர்ஸ் தயங்கினாள். நல்ல பெண்தான். "நீங்க வேலைக்குப் போறீங்கல்லக்கா? அட்டையே உங்க பேர்லதானே இருக்கு. உங்களை இதுல சேர்க்க முடியாது." பூஜ்யத்தைத் தொட்டாள்.

"இவரை விட்டா எனக்கு யாரும்மா?"

"அதுக்கு இதுல இடம் இல்லக்கா."

பின்னால் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் கடைசி இயந்திரத்துக்கும் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அப்புறம் வந்த இளம்பெண் ஒருத்தி, தோளில் தூங்கிய குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். அவர் காலை மடக்கி வழிவிட்டார்.

"போயிட்டு வாம்மா."

அவர்களுடைய முறை வர இன்னும் நான்கு மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் சொன்னாள். அவர் சுருட்டி வைத்திருந்த சட்டைக் கையை அவள் மடிப்பு மடிப்பாகப் பிரித்து, குளிருமே என்று மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.