கசினோவுக்கு மேலே ஓர் அறை

ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் தவராஜா முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்தார், குளியலறைத் திரையை விலக்கினார். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகு கதவைச் சாத்தி, மேலே இருந்த இரும்புத் தடுப்பை மடித்துப் போட்டார். அது போட்டிருந்தால் வெளியிலிருந்து சாவி அட்டையைக் காட்டினாலும் கதவு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது.

“என்னப்பா, நாங்கள் என்ன மந்திரியே, ஆரும் ஒளிச்சிருந்து பிடிக்க?” என்றாள் ஞானேஸ்வரி.

“உமக்குப் பகிடி. வீட்டிலை நடந்ததை மறந்திட்டீர்.”

அவள் மறக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அவர்கள் ரண்டர்ஸ் என்ற ஊரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், டேனிஷ் நகரமான கோல்டிங்கில் அவர்களுடைய வீட்டை யாரோ உடைத்திருந்தார்கள். மகள் சாருஜாவுக்கென்று சேர்த்து வைத்திருந்த நகைகள் அத்தனையும் போயின. அதன் பிறகு மிஞ்சியிருந்த ஞானேஸ்வரியின் நகைகளை எங்கே போனாலும் கையோடு கொண்டு போவது என்று தவராஜா முடிவெடுத்தார். ஜன்னல் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹோட்டலில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று சொல்லும் வீடியோக்களைப் பார்ப்பார். கீழ் மாடியில் அறை எடுக்கக் கூடாது. ‘ரூம் சேர்விஸ்’ என்று தட்டினால் வரவேற்பறைக்கு ஃபோன் எடுத்துக் கேட்காமல் திறக்கக் கூடாது. அறை இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. சாவி அட்டையையும் இலக்கம் எழுதிய உறையையும் ஒன்றாக வைத்திருக்கக் கூடாது.

இப்போதும் ஒரு கலியாணத்துக்குத்தான் வந்திருந்தார்கள். குடும்ப நண்பரான செல்வரட்ணம் அண்ணையின் மகளுக்கு அடுத்த நாள் காலையில், நாட்டின் வடபகுதியான வட யூட்லாந்தில் கடலோரமாக இருந்த அந்த நகரத்தில் தாலி கட்டு. மண்டபத்துக்குக் கிட்ட என்று சாருஜா இந்த ஹோட்டலைப் பதிவு செய்து கொடுத்திருந்தாள். கீழே கசினோ இருப்பது அவளுக்குத் தெரியாது. ஞானேஸ்வரிக்குத் தெரியும். மகள் ஹோட்டலின் பெயரைச் சொன்ன அன்றே தேடிப் பார்த்திருந்தாள்.

நவம்பர் மாதம். பின்னேரம் தேநீர் குடிக்கும் நேரத்துக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. தவராஜா இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். ஞானேஸ்வரி சேலையை எடுத்துத் தொங்கவிட்டாள், மறுபடி எடுத்து மடித்தாள், பையைத் திறந்தாள், மூடினாள். ஜன்னலடிக்குப் போய் வந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன.

“இருமன் கொஞ்சம்” என்றார் அவர்.

“இருந்து இருந்து முதுகு நோகுது. கீழை லொபியிலை இருந்து சாருஜாவோடை கதைச்சிட்டு வாறன்.”

“சாவியைக் கவனமா வைச்சிரும்.”

“ஓம், ஓம்.” அவளுக்குப் பின்னால் அவர் தடுப்பை மறுபடி போடும் சத்தம் கேட்டது.

லிஃப்டுக்குள்ளேயே ஃபோனின் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டாள்.

கசினோ வாசலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள், முகத்தைப் படமெடுத்தார்கள். அவளுக்கு அது பழகிப்போனது. சுழலும் வட்ட மேசையையோ, கூட்டமாக நின்று கத்துகிறவர்களையோ அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே சுவரோரம் இருந்த வீடியோ போக்கர் மெசின்களிடம் போனாள். திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டால், விட்டதற்குப் பதிலாகப் புதியவை வரும். அவ்வளவுதான். கோல்டிங்கில் பிறந்தநாள் வீடுகளில் ஆண்கள் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும்போது ஆள் குறைந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்தச் சீட்டு எவரிடம் இருக்கும் என்று அவளுக்கு மணத்தில் தெரியும் என்பார்கள். ஆனால் அந்த மேசையில் கதை, சிரிப்பு, தேத்தண்ணி ஊற்ற எழும்புவது என்று எல்லாம் இருந்தது. மெசினில் அவை ஒன்றுமே இல்லை. வைத்திரு, விடு. வைத்திரு, விடு.

முதல் சில ஆட்டங்களில் விரல்களின் பதற்றம் அடங்கியது. பிறகு வேறொரு பதற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது. தோற்றால் அடுத்தது, வென்றாலும் அடுத்தது. ஒரு தரம் நான்கு ராணிகள் ஒன்றாக விழுந்தன.

“அருமை!” என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒருவன் ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டினான். சாம்பல் நிறக் கோட்டு, நன்றாகச் சீவிய தலை. “நான் இதற்குப் புதிது. எதை வைத்திருப்பது என்று எப்படி முடிவெடுக்கிறீர்கள்?”

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே இரண்டு வசனம் சொன்னாள். அவன் நன்றி சொன்னான். இங்கே ஏதோ பெரிய கலியாணமாமே, நீங்களும் அதற்குத்தான் வந்தீர்களா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில், மெசினின் விளிம்பில், அவளுடைய சாவி அட்டை கிடந்தது. அறை இலக்கம் எழுதிய உறைக்குள்ளேயே கிடந்தது. அவன் எப்போது எழும்பிப் போனான் என்பதை அவள் கவனிக்கவில்லை.

மேலே தவராஜா குளித்துக்கொண்டிருந்தார். அறைத் தொலைபேசி அடித்தது. துவாயைச் சுற்றிக்கொண்டு அவர் வெளியே வருவதற்குள் நின்றுவிட்டது. சாருஜாவாக இருக்கும் என்று நினைத்தார். அவள் ஏன் ஹோட்டல் ஃபோனுக்கு எடுக்கப் போகிறாள் என்றும் நினைத்தார். சறத்தைக் கட்டி, பெனியனைப் போட்டு, குளிர்ந்த தரைக்காகக் காலுறையை மாட்டினார். நகைகள் இருந்த சிறிய துணிப் பை கட்டிலில் சேலையின் மேல் கிடந்தது.

கதவில் ‘பீப்’ என்று சத்தம் கேட்டது. கைபிடி இறங்கியது. கதவு திறந்து, தடுப்பில் ‘டக்’ என்று மோதி நின்றது.

“ஞானம்? பொறும், தடுப்புப் போட்டிருக்கு.”

இடைவெளியில் மண்ணிறச் சப்பாத்து ஒன்றும், சாம்பல் நிறக் கோட்டின் ஓரமும் தெரிந்தன. ஆண்கள் பூசும் வாசனை உள்ளே வந்தது. அடுத்த கணம் கதவு மெதுவாக, அதிராமல், வெளியிலிருந்தே சாத்தப்பட்டது.

தவராஜா இரண்டு எட்டில் தொலைபேசியடிக்குப் போனார். வரவேற்பறைக்கு ஃபோன் எடுத்து டேனிஷில் சொன்னார். கதவைத் திறக்காமல் உள்ளேயே இருக்கும்படியும், உடனே காவலாளியை அனுப்புவதாகவும் ஃபோனை எடுத்த பெண் சொன்னாள். வீடியோக்களில் சொன்னதும் அதுதான். அவர் கட்டிலில் இருந்தார். அப்போதுதான் அது உறைத்தது: அறைக்கு இரண்டு அட்டைகள். ஒன்று மேசையில் கிடக்கிறது. அவன் கையில் இருந்தது ஞானத்தின் அட்டை.

அவளுக்கு ஃபோன் எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தார். லிஃப்டுக்குள் வைத்துப் பறித்திருப்பானா? படிக்கட்டில் தள்ளி விழுத்தியிருப்பானா? அவளுக்குச் சர்க்கரை வருத்தம் வேறு. சாருஜாவுக்கு எடுத்தார்.

“அம்மா உன்னோடை கதைச்சவவோ?”

“இல்லையே” என்று தொடங்கிய மகள், அவருடைய குரலைக் கேட்டுப் பதறி, டேனிஷில் என்ன, என்ன என்று கேட்கத் தொடங்கினாள். அவர் ஃபோனைக் கட்டிலில் போட்டார். தடுப்பை விலக்கிக் கதவைத் திறந்தார். நகைப் பையை எடுக்கவில்லை, சாவியை எடுக்கவில்லை, சப்பாத்துப் போடவில்லை. படிக்கட்டு வழியாக ஓடினார்.

லொபியில் அவள் இல்லை. வரவேற்பறைப் பெண் அவருடைய கோலத்தைப் பார்த்து எழுந்து நின்றாள். சேலை கட்டாமல் நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டாயா என்று கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கி, கசினோப் பக்கம் கையைக் காட்டினாள்.

வாசலில் நின்ற காவலாளி அவரைத் தடுத்தான். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்றான். அவனுடைய தோளுக்கு மேலால் தவராஜா அவளைக் கண்டார். முதுகைக் காட்டிக்கொண்டு முழுசாக, பத்திரமாக இருந்தாள்.

“ஞானம்!”

அந்தக் கணத்தில் ஞானேஸ்வரியின் திரையில் ஒரே இனத்துச் சிவப்புச் சீட்டுகள் நான்கு நின்றன. பத்து, ஜாக், ராணி, ராஜா. அதே இனத்து ஏஸும் வந்தால் அந்த மெசினில் இருப்பதிலேயே பெரிய கை. இவ்வளவு நாளில் அது அவளுக்கு ஒருமுறைகூட விழுந்ததில்லை. கணவனின் குரலை அவள் கேட்டாள். அது எப்படிப்பட்ட குரல் என்பதும் அவளுக்கு விளங்கியது. ஆனாலும் திரும்பாமலே இடது கையை உயர்த்தி, “கொஞ்சம் பொறுங்கோ, வாறன்” என்றாள். வலது கையால் பொத்தானை அழுத்தினாள்.

கறுப்பு மூன்று ஒன்று வந்தது.

பிறகு திரும்பினாள். சறமும் பெனியனுமாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, காலுறையோடு நின்ற மனிதரை இரண்டு காவலாளிகள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் அவளைப் பார்த்துக் கோபப்படவில்லை. “உமக்கு ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார். திருப்பித் திருப்பி அதையே கேட்டார்.

அவளுடைய அட்டையை உடனே ரத்து செய்தார்கள். காவலாளியோடு மேலே போய்ப் பார்த்தபோது அறை பூட்டியபடி இருந்தது. துணிப் பை சேலையின் மேல் கிடந்தது. சாம்பல் கோட்டுக்காரன் பக்கவாசலால் துறைமுகப் பக்கம் போனது கமராவில் பதிவாகியிருந்தது. பொலிஸ் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனது. ஹோட்டல்காரர் மன்னிப்புக் கேட்டு வேறு அறை கொடுத்தார்கள். அந்தப் புது அறையில் தவராஜா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. கதிரையில் இருந்து, நனைந்த காலுறையைக் கழற்றிச் சூடாக்கியின் மேல் போட்டார். பிறகு சாருஜாவுக்கு ஃபோன் எடுத்து, அம்மா சுகமாக இருக்கிறா, லொபியில்தான் இருந்தவ என்றார்.

கலியாண மண்டபத்திலும் அதையே சொன்னார். சாப்பாட்டு மேசையில் செல்வரட்ணம் அண்ணையின் ஆட்கள் சூழ இருந்து கேட்க, தடுப்பு ‘டக்’ என்று மோதியதை நடித்துக் காட்டினார். “மனிசி லொபியிலை மகளோடை கதைச்சுக்கொண்டு இருந்தவ. ஆரோ சாவியை அடிச்சிட்டான்” என்றார். எல்லாரும் அவருடைய எச்சரிக்கையைப் பாராட்டினார்கள். ஞானேஸ்வரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இரண்டு தரம் எழும்பிக் கை கழுவப் போய் வந்தாள்.

“ஒண்டும் போகேல்லைத்தானே, ஞானம். கடவுள் காப்பாத்தினார்” என்றாள் பக்கத்தில் இருந்த மேரிகிறேஸ். முதியோர் இல்லத்தில் ஞானேஸ்வரியோடு ஒரே பிரிவில் வேலை செய்பவள்.

“நான் லொபியிலை இருக்கேல்லை” என்றாள் ஞானேஸ்வரி.

சத்தமாகத்தான் சொன்னாள். மேசையில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கசினோவிலை மெசின் விளையாடிக்கொண்டு இருந்தனான். சாவியை மெசினுக்கு மேலை விட்டது நான்தான். இவர் வந்து கூப்பிடேக்கையும் நான் எழும்பேல்லை.”

தவராஜா பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வரட்ணம் அண்ணை தொண்டையைச் செருமினார். “அது பரவாயில்லைப் பிள்ளை, எப்பவாவது ஒருக்கால் எல்லாரும் விளையாடுறதுதானே.”

“எப்பவாவது இல்லை அண்ணை.”

அதற்குப் பிறகு யாரோ பாயசம் இன்னும் வேண்டுமா என்று கேட்டார்கள். கதை வேறு பக்கம் போனது. மேரிகிறேஸ் மட்டும் மேசைக்குக் கீழே அவளுடைய கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, “நீ வேலை முடிஞ்சு பஸ்ஸை விட்டிட்டு நிக்கிறது இதுக்குத்தானோ?” என்று மெதுவாகக் கேட்டாள். ஞானேஸ்வரி ஓம் என்றாள்.

திரும்பி வரும்போது அவள்தான் கார் ஓட்டினாள். மழை பக்கவாட்டாக அடித்தது. தவராஜா பக்கத்தில் இருந்தார். அவள் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள்.

“எவ்வளவு காலமா?” என்று அவர் கேட்டார்.

“ஒரு ரெண்டு வருசம் இருக்கும். ஒஸ்லோக் கப்பலிலை வேலையிடத்து ஆக்களோடை போனனே, அதிலை இருந்த மெசினிலை தொடங்கினது.”

“அந்த மெசினிலை அப்பிடி என்ன கிடக்கு?”

அவள் யோசித்தாள். அவளுக்கே அது சரியாகத் தெரியாது. “வேலையிலை நாள் முழுக்க ஒவ்வொரு அறையிலையும் மணி அடிச்சுக் கூப்பிடுவினம். வீட்டுக்கு வந்தா நீங்கள். ஃபோனிலை சாருஜா. அங்கை ஒருத்தரும் என்னைக் கூப்பிடுறேல்லை.”

“நான் கூப்பிட்டனான்” என்றார் அவர்.

அவளால் அதற்குப் பிறகு ஓட்ட முடியவில்லை. அடுத்து வந்த தரிப்பிடத்துக்குள் காரைத் திருப்பி, லொறிகளுக்கு நடுவே நிறுத்தினாள். ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவளுடைய முதுகில் கையை வைத்தார். எடுக்கவும் தெரியாமல், தடவவும் தெரியாமல் அந்தக் கை அப்படியே இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் அவள் ஃபோனை எடுத்து ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாள். சூதாட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ள அரசாங்கம் வைத்திருக்கும் பதிவு அது. றோஃபுஸ் என்பார்கள். பெயரைப் பதிந்தால் நாட்டில் எந்தக் கசினோ வாசலிலும் உள்ளே விடமாட்டார்கள். அதைப் பற்றிய விளம்பரம் மெசின்களுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும், அவள் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறாள். மிட் ஐடி என்ற இணைய அடையாளத்தைப் போட்டு உள்ளே போனாள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டது. ஒரு நாளைக்கும் போடலாம், சில மாதங்களுக்கும் போடலாம், ஒரேயடியாகவும் போடலாம். விரல் ஒரு மாதத்தின் மேல் போய் நின்றது. தவராஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்கள் சொல்லுங்கோவன், எதைப் போட?”

“நான் சொல்லிப் போட்டா அது என்ரை பூட்டு, ஞானம்.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று, இப்ப வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரேயடியாக என்பதை அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. மறுபடி அழுத்தினாள்.

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. காரை விட்டு இறங்கி மழைக்குள் லொறிகளைச் சுற்றி நடந்தாள். திரும்பி வந்தபோது தவராஜா கடையிலிருந்து இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு வேலை முடிஞ்சு நான் வந்து ஏத்தட்டே?” என்று கேட்டார்.

“நாளைக்கு வாங்கோ” என்றாள். “நாளண்டைக்கும் வாங்கோ.”

மறுபடி பெரிய வீதியில் ஏறினார்கள். விரல்கள் ஸ்டேரிங்கில் தட்டிக்கொண்டே இருந்தன. அவள் அவற்றை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, விட்டுவிட்டாள். கொஞ்சத் தூரம் போன பிறகு பக்கத்தில் சத்தம் ஒன்றும் இல்லை என்று திரும்பிப் பார்த்தாள். முடியாத கோப்பியை மடியில் பிடித்தபடி தவராஜா தூங்கிப்போயிருந்தார். அவள் கையை நீட்டிக் கோப்பியைச் சரியாமல் எடுத்து வைத்துவிட்டு, கோல்டிங் வரை வேகத்தைக் குறைத்தே ஓட்டினாள்.