தொண்ணூறு படகு சோப்புகள்

ரூத்துக்குச் சோப்பு செய்யும் பழக்கம் வந்ததற்குக் காரணம் தண்ணீர். ராயபுரத்தில் அவள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கடைச் சோப்பை அதில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. வாளி ஓரத்தில் வெள்ளைத் திட்டுதான் படியும். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்று எங்கோ படித்தாள். பார்க்கலாமே என்று ஒரே ஒரு கட்டி செய்தாள். கை நிறைய நுரைத்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் சோப்பு. ஆனால் ரூத் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் எட்டு மணி நேரம் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்பவள். வீட்டுக்கு வந்தால் கைக்குப் புதிதாக ஏதாவது வேண்டும். மஞ்சள் தூள் போட்டு ஒரு நிறம், அடுப்புக்கரி போட்டு ஒரு நிறம், இரண்டையும் குச்சியால் சுழித்து ஒரு கோலம் என்று ஆரம்பித்து, கடைசியில் சோப்புக்குள் படம் வைப்பதில் வந்து நின்றாள்.

படம் வைப்பது மந்திரமில்லை. வெண்டைக்காயை எங்கே வெட்டினாலும் அதே நட்சத்திரம் தெரிகிறதல்லவா? அதே மாதிரிதான். பிளம்பிங் கடையில் கிடைக்கும் சின்ன பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் சிவப்புச் சோப்பை ஊற்றி இறுக விட்டால், அரை வட்டமாக ஒரு நீளத் தடி வரும். அதுதான் படகின் உடம்பு. அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பட்டை ஒன்றை நிறுத்தினால் கொடிக்கம்பம். இரண்டையும் பெரிய குழாய்க்குள் நிறுத்திச் சுற்றிலும் நீலச் சோப்பை ஊற்ற வேண்டும். இறுகியதும் வெளியே தள்ளித் துண்டு போட்டால், ஒவ்வொரு துண்டிலும் நீலக் கடலில் ஒரு சிவப்புப் படகு.

படகு என்று ரூத் சொன்னாள். மற்றவர்கள் வேறு சொன்னார்கள்.

"இன்னாக்கா இது, கிண்ணத்துல கரண்டி சொருவி வெச்சிகீற?" என்றான் தம்பி பென்னி, முதல் துண்டைப் பார்த்துவிட்டு.

"போட்டுடா."

"போட்டா? காட்டுப்பள்ளில டெய்லி கப்பலுக்கு வெல்டிங் போட்றவன்கா நானு. இத்த தண்ணில வுட்டா அங்கயே சுத்திகினு கெடக்கும்."

கிண்டலடித்தாலும் அக்காவின் சோப்பைப் பற்றிப் பெருமை பேச பென்னியை விட்டால் ஆளில்லை. அந்தப் பெருமையில்தான் மாட்டிக்கொண்டான். அவனுக்கும் திருவொற்றியூர் வினிதாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வருகிற தொண்ணூறு குடும்பத்துக்கும் தாம்பூலப் பையில் என்ன வைப்பது என்று பேச்சு வந்தபோது, பென்னி பெண் வீட்டில் எல்லார் முன்னாலும் எழுந்து, "எங்க அக்கா கையால செஞ்ச படகு சோப்பு" என்று சொல்லிவிட்டான்.

வினிதாவின் அம்மா ஆலிஸ் எவர்சில்வர் டப்பா கட்சி. "சோப்புல காஸ்டிக் சோடா போட்றாங்களாமே? கல்யாணத்துக்கு வந்தவங்க கை வெந்துபூட்டா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள். பிறகு மனமிறங்கி, "ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன். நல்லாயில்லேனா டப்பாக்கு சொல்லிடுவேன், ஆமா" என்றாள்.

காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை என்பது உண்மை. அளந்து போட்டால் இரண்டு மூன்று நாளில் அது எண்ணெயோடு சேர்ந்து முழுக்கத் தீர்ந்துவிடும் என்பதும் உண்மை. அதன் பிறகும் நான்கு வாரம் காய வைப்பது, ஈரம் வற்றிக் கட்டி உறுதியாவதற்கு. அந்த நான்கு வாரத்தை யாராலும் சுருக்க முடியாது. கல்யாணத்துக்கு இருந்தது முப்பத்திரண்டு நாள். இந்த ஒரு தடவை தப்பினால் மறுபடி செய்ய நேரமில்லை. தம்பி சபையில் சொன்ன சொல் டப்பாவுக்குள் போய்விடும்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ரூத் விடிந்ததும் வேலையைத் தொடங்கினாள். தராசில் எண்ணெய், தராசில் தண்ணீர், தராசில் சோடா. தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கலவை ஆறியதும் எண்ணெயில் விட்டுக் கலக்கினாள். அது இட்லி மாவுப் பதத்துக்கு வந்ததும் நீலம் சேர்த்து, முந்தின நாளே நல்லெண்ணெய் கலந்து மெத்தென்று வார்த்த சிவப்புத் தடியும் வெள்ளைப் பட்டையும் நிற்கும் நான்கு குழாய்களிலும் ஊற்றினாள். மணி எட்டு.

அப்போது ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. கவுண்டரில் இருந்தவருக்குக் காய்ச்சல். மாலை வரை ஆள் இல்லை.

சாதாரணச் சோப்பென்றால் கவலையில்லை, மறுநாள்கூட வெட்டலாம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு அப்படியில்லை. நான்கைந்து மணி நேரம் அல்வாப் பதத்தில் இருக்கும். அந்த நேரம் தாண்டினால் பாறையாகி, கத்தி பட்டதும் பொடிப்பொடியாக உதிரும். பகல் ஒரு மணிக்குள் யாராவது வெட்டியாக வேண்டும். பென்னி வேலைக்குப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டு குணசுந்தரி அப்போதுதான் மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பது அவள் தொழில். ஒரு முழு வஞ்சிரத்தைக் கையில் கொடுத்தால், அளவுகோல் வைத்த மாதிரி ஒரே கனத்தில் துண்டு போடுவாள்.

"குணாக்கா, ஒரு மணிக்குள்ள வந்து நாலு தடி வெட்டித் தரணும். கையில க்ளவுஸ் போட்டுக்கோ, காரம் இன்னும் அடங்கியிருக்காது."

"க்ளவுஸா? நானா?" குணசுந்தரி சிரித்தாள். "சரி, சாவியக் குட்த்துட்டு போ. எம்மாங் கனம்?"

"கட்டைவிரல் கனம். எல்லாம் ஒரே மாரி."

"ஏம்மே, எனக்கே சொல்லித் தரியா? போ, ரயிலு வுட்டுடப் போவுது."

ரூத் கனத்தைச் சொன்னாள், க்ளவுஸைச் சொன்னாள், குழாய்க்குள் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருப்பதால் பின்னாலிருந்து தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பதையும் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

மாலை ஐந்தரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடம் முழுக்கப் பேப்பர் விரித்து, வரிசையாகச் சோப்புத் துண்டுகள். ஒன்றுகூட வட்டமாக இல்லை. அத்தனையும் நீள்வட்டம்.

"குணாக்கா!"

குணசுந்தரி காபி டம்ளரோடு வந்தாள். "இன்னா?"

"சாச்சா வெட்டின?"

"பின்ன? வஞ்சரத்த எவளாவது நேரா வெட்டுவாளா? சாச்சு வெட்னாதான் துண்டு பெர்சா தெரியும். நேரா வெட்னா கஸ்டமரு மூஞ்ச சுளிப்பான். நாப்பது தடவ க்ளவுஸு க்ளவுஸுன்னு சொன்னியே, நேரா வெட்டுன்னு ஒரு வாட்டி சொன்னியா?"

சொல்லவில்லைதான். ரூத் கதவோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தொண்ணூறு துண்டு, முப்பத்திரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை ஆலிஸ். அவளுக்கு அழுகைதான் வந்தது.

"அய்ய, இதுக்கா அழுவுற? மொதல்ல துண்டப் பாரு." குணசுந்தரி ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ரூத் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அந்தக் கிண்ணம் இல்லை. நீண்டு, இரண்டு முனையும் மெலிந்து, நடுவில் கம்பத்தோடு ஒரு படகு தெரிந்தது. காசிமேட்டில் கயிற்றில் ஆடிக்கொண்டு நிற்குமே, அதே படகு.

வெண்டைக்காயைச் சாய்த்து வெட்டினால் நட்சத்திரம் ஒரு பக்கமாக நீளும். இங்கேயும் அதுதான் நடந்திருந்தது. கத்தி சாய்ந்த பக்கமாகப் படம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீண்டிருந்தது. உயரம் அப்படியே இருந்தது. குழாயில் வார்த்த அரை வட்டம் என்றைக்கும் கிண்ணமாகத்தான் இருக்கும். இத்தனை மாதமாக அதைப் படகாக்க அவள் சிவப்பை மாற்றினாள், கம்பத்தை மாற்றினாள். கத்தியை மாற்ற நினைக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. தடியை வேறு மாதிரிப் படுக்க வைத்து வெட்டியிருந்தால் படகு நீளத்துக்குப் பதில் உயரத்தில் நீண்டு, செம்பு மாதிரி ஆகியிருக்கும். நாலு தடியிலும் எப்படிச் சரியாக அமைந்தது?

"அக்கா, தடிய எப்பிடிப் பலகைல வெச்ச?"

"ஓரத்துல பாத்தேன், போட்டு தெரிஞ்சிது. போட்டு நேரா நிக்கற மாரி வெச்சேன்." குணசுந்தரி முறைத்தாள். "எங்க வூட்ல ஆளுங்க கடலுக்குப் போறவங்கமே. போட்ட கவுத்தோ சாச்சோ வெப்பனா நானு?"

ரூத்துக்குச் சிரிப்பு வந்தது. அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டே எண்ணினாள். தடிக்கு இருபத்துமூன்று. மொத்தம் தொண்ணூற்றிரண்டு.

"தலயும் வாலும் எனக்கு" என்றாள் குணசுந்தரி. சாய்த்து வெட்டியதில் ஒவ்வொரு தடியின் இரண்டு முனையிலும் ஆப்பு மாதிரி மிஞ்சிய எட்டுத் துண்டுகளை அவள் ஏற்கெனவே தன் பையில் போட்டிருந்தாள்.

"நாலு வாரம் தொடாத, அக்கா."

"தெரியும், தெரியும். கருவாடு காய வெக்கற பரண்ல வெச்சிட்றேன்."

"அய்யோ, கருவாட்டு நாத்தம் ஏறிடும்!"

"அப்ப பூஜ ரூம்புல வெக்கறேன், போ."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஆலிஸ் வந்தாள். எவர்சில்வர் டப்பா ஒன்றை மாதிரிக்குக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். பென்னி அவளுக்குப் பின்னால் நின்று, அக்காவைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். சோப்பை அவனும் இன்னும் பார்க்கவில்லை. மூன்று நாளாக ரூத் அறையைப் பூட்டி வைத்திருந்தாள்.

ரூத் கதவைத் திறந்தாள். பலகைகளில் வரிசையாகத் தொண்ணூற்றிரண்டு படகுகள், எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து நின்றன.

"க்கா," என்றான் பென்னி. "இன்னாக்கா இது? நெஜமா போட்டு!"

ஆலிஸ் பலகைக்குக் கிட்டே போனாள். ஒரு துண்டைத் தொடப் போய், காஸ்டிக் ஞாபகம் வந்து, விரலை இழுத்துக்கொண்டாள்.

"தொடுங்க அத்த. காரம் தீர்ந்துடுச்சி. ஈரம்தான் பாக்கி. மொத்தம் தொண்ணூத்திரண்டு" என்ற ரூத், முந்திய மாதத்துச் சோப்பு ஒன்றையும் ஒரு மக் போர் தண்ணீரையும் எடுத்து வந்தாள். ஆலிஸ் கை கழுவினாள். திருவொற்றியூரிலும் உப்புத் தண்ணீர்தான். நுரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. முழங்கை வரை தேய்த்தாள்.

"இது ஏன் கிண்ணமா கீது, அது மட்டும் போட்டா கீது?" என்று கையிலிருந்த பழைய சோப்பைக் காட்டிக் கேட்டாள்.

ரூத் வாயைத் திறந்தாள். குழாய், அரை வட்டம், வெண்டைக்காய் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"அது நேரா வெட்னது, இது நான் வெட்னது" என்றாள் குணசுந்தரி.

ஆலிஸ் டப்பாவை மேசைமேல் வைத்தாள். "இத்த நீயே வெச்சிக்க ரூத்து, சோப்பு போட்டு வெக்க ஒதவும். சரி, தொண்ணூத்திரண்டு கீதுன்ற. தொண்ணூறு போவ மிச்சம் ரெண்டும் எனக்கு."

"ரெண்டா?" என்றான் பென்னி. "அத்த, மாப்ளைக்கு ஒண்ணாவது குடுங்க."

"ஒனக்கு எதுக்கு? ஒன் வூட்லயே அக்கா கீறாளே" என்றாள் ஆலிஸ், இரண்டு துண்டுகளைத் தனியே நகர்த்தி வைத்து.