மெக்கானிக்கின் எட்டு நாள் லீவு

லிஃப்ட் மெக்கானிக்கின் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, போன் இருக்கும். அன்று காலையும் இரண்டாவது வாய் வைப்பதற்குள் அது அடித்தது. "அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன் சார்" என்றபடி எழுந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, "இங்கேர்ந்து எந்தக் கட்டடத்துக்குப் போகவும் இருபது நிமிஷமாகும்" என்றாள். அவர் அதற்குள் கையைக் கழுவியிருந்தார்.

முப்பத்தெட்டு லிஃப்ட்டுகள் அவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் பொறுப்பு. இந்த வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில் அவர் லீவே போட்டதில்லை என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் போட்டார், காய்ச்சலுக்குப் போட்டார், வீடு மாற்றப் போட்டார். சும்மா இருப்பதற்கென்று ஒரு நாள் போட்டதில்லை. "நான் இல்லேன்னா ஜனங்க மாடிக்கு எப்படிப் போவாங்க?" என்பார். "படியேறி" என்பாள் ஒன்பது வயது மகள்.

சில மாதங்களாக அவர் அவராக இல்லை. சொன்னதையே திரும்பக் கேட்டார். மகள் பென்சில் கேட்டதற்கு எரிந்து விழுந்தார். சாயங்காலம் வந்து வீட்டு வாசலில் கம்பெனி வேனை நிறுத்தினால் இறங்க மனம் வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட்டின் கதவுப் பூட்டைப் பழுதுபார்த்தார். சோதிக்கும்போது மட்டும் பூட்டுக்கு மாற்றாக ஒரு சின்ன வயரைச் செருகுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். அவர் எடுக்க மறந்து, "முடிஞ்சுது, ஓட விடலாம்" என்றார். 'ஸ்பானர்' என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளி வழக்கம்போல ஒருமுறை எட்டிப் பார்த்தான். வயர் அங்கேயே இருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு பெண், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தாள்.

மெக்கானிக் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஸ்பானர் திட்டவில்லை. வயரை எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனக்குத் தொழில் மறக்கலடா. மண்டைல இடமில்ல, அவ்வளவுதான். நடந்ததை நீயே மேனேஜர்கிட்ட சொல்லு. அப்படியே எட்டு நாள் லீவும் எழுதிக் குடு."

சொன்னார். மேனேஜர் முகத்தைச் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார்.

மனைவியும் லீவு போட்டாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய், ஏரிக்கரையில் ஓர் அறை எடுத்தார்கள். முதல் நாளே அவர் நாலு தடவை பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. மகள் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து, "அம்மா, அப்பா பாத்ரூம்ல லிஃப்ட் ரிப்பேர் பண்றாங்க" என்றாள். மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் போன் அடிக்கவே இல்லை. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்பானரை அவரே கூப்பிட்டார்.

"என்னடா, எல்லாம் ஓடுதா?"

"ஓடுது."

"எல்லாமேவா?"

"முப்பத்தெட்டும் ஓடுது. வை போனை" என்றான் ஸ்பானர்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. கரையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய், "யாருமே என்னைத் தேடல" என்றார்.

"நாங்க தேடினோம்" என்றாள் அவள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

வாசலில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த சாயங்காலங்களைப் பற்றி அப்போதுதான் வாயைத் திறந்தார். "தெரியும்" என்றாள். "ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே நிப்பேன். கேட்டா இன்னும் ஒடிஞ்சு போயிடுவீங்களோன்னு பயம்." அவள் தோளில் சாய்ந்து, வெகுநேரம் அழுதார். பிறகு போனை அணைத்து அவள் பையில் போட்டார்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். ஐந்தாம் நாள் மகளோடு படகில் ஏறித் துடுப்புப் போட்டார். படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"அப்பா, எங்கயுமே போகல."

"எங்க போகணும் இப்ப?" என்று கேட்டுச் சிரித்தார். கரையில் இருந்த மனைவி அந்தச் சிரிப்பைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனார். கை நிதானமாக இருந்தது. ஸ்பானரின் கண்தான் சிவந்திருந்தது.

"நீ கடைசியா எப்படா லீவு போட்ட?" என்று கேட்டார்.

"போன வருஷம். பல்லு பிடுங்க."

"அது லீவு இல்ல, அது வேதனை. உன் பாரத்தையும் தூக்கி, என் பாரத்தையும் தூக்கியிருக்க. நாளைக்கே நீ லீவுல கெளம்பு, நான் பாத்துக்கறேன். நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டேன்டா. ஓய்வு எடுக்கறது சோம்பேறித்தனம் இல்ல, மனசுக்கு அதுதான் மருந்து. உடம்பு வீட்ல இருந்து மனசு வேலைல கெடந்தா அது லீவே இல்ல. நம்மள நம்பி ஜனங்க லிஃப்ட்ல ஏறுறாங்க. வீட்லயும் வழி பாத்துக்கிட்டு இருக்காங்க. அந்த ரெண்டு பக்கத்துக்கும் நாம முழுசா வேணும்னா, அப்பப்ப வேலையை முழுசா விடணும்."

"எட்டு நாள் அதிகம்" என்று முனகினான் ஸ்பானர்.

"பத்து எழுது" என்றார் மெக்கானிக்.