பெரியவள் வந்து இறங்கும்வரை

அப்பாவின் வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் ஒன்று வீங்கியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஆயுள் முழுக்க லாரி ஓட்டிய அப்பா ஒரே பிடியாக நின்றார்.

"பெரியவ வந்து இறங்கட்டும். அப்புறம் எங்க வேணாலும் தள்ளிட்டுப் போங்க."

பெரியவள் அப்போது ஆகாயத்தில் இருந்தாள். அவள் வேலை பார்க்கும் ஊர் ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சின்னவள் கட்டிலருகே உட்கார்ந்து, கைப்பேசியில் ஊர்ந்துகொண்டிருந்த விமானப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வந்திருக்கா?"

"பாதி தாண்டிட்டாப்பா."

"ஆறாயிரம்னா லோடோட நமக்குப் பத்து நாள் ஓட்டம். டிரைவர் நடுவுல கண்ணசந்துட்டா?"

"ரெண்டு பேர் இருப்பாங்க. பேசாம படுங்க."

பிற்பகலில் திரையிலிருந்த கோடு வளைந்தது. வழியில் ஏதோ ஒரு நாடு வான்வழியை அடைத்துவிட்டதாம். விமானம் சுற்றிக்கொண்டு வருகிறது. வந்து இறங்க இன்னும் ஐந்து மணி நேரம் ஆகும். அந்த நேரம் பார்த்து அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸின் முகம் மாறியது.

"இனிமே காத்திருக்க முடியாதும்மா. நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

சின்னவள் பொறுமை இழந்தாள். "ஏம்ப்பா, நான் ஒருத்தி பக்கத்துலயே இருக்கேன். என் முகத்தைப் பாத்துட்டுப் போனா ஆகாதா? அவதான் உசத்தியா?"

அப்பா வலியோடு அவள் விரலைப் பிடித்தார்.

"அட பைத்தியமே. உள்ள எனக்கு ஒண்ணு ஆயிட்டா, வந்து சொல்வாங்கல்ல? அப்ப நீ தனியா நிக்கக் கூடாது. அதுக்குத்தான்."

"நான் நிப்பேன். நீங்க போங்க" என்றாள் சின்னவள்.

அவர் தலையசைத்தார்.

ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. சின்னவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் எழுந்து நின்றாள். ஒருமுறை ரத்தப் பைகளோடு ஒருவர் உள்ளே ஓடினார். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பேசித் திரையில் விமானம் கடலுக்கு மேல் நின்றுவிட்டது போலவே இருந்தது.

கடைசியில் டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள கொண்டுபோன பிறகுதான் வெடிச்சுது. நல்ல வேளை, ஆபரேஷன் மேஜை மேல இருந்தார். பிழைச்சுக்கிட்டார்."

அவள் அழவில்லை. நன்றி சொன்னாள், மருந்துக் கடைக்குப் போனாள், அப்பாவின் செருப்பை எடுத்துப் பையில் வைத்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு பெரியவள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளைக் கண்டதும்தான் சின்னவள் உடைந்து விம்மினாள். பெரியவளின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏண்டி... அப்பா?"

"இருக்காருக்கா. நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்து இன்னும் பலமாக அழுதாள்.