படத்துக்குப் போட்ட மாலை

கடைசிப் படியில் கால் வைத்த சுபாங்கி, அப்படியே நின்றுவிட்டாள்.

பாரிஸ் லா சப்பலில் உணவகம் ஒன்றின் மேல்மாடி மண்டபம். சுவரில் வரிசையாகப் படங்கள். அத்தனைக்கும் பூமாலை. முன்னால் குத்துவிளக்கு. போதாக்குறைக்கு ஊதுபத்தி!

"என்னப்பா இது, செத்தவீடா?"

ஏணியில் நின்ற கணவன் ஐங்கரன் பெருமையோடு திரும்பினான். "பழைய மாணவர் விழா எண்டுதானே சொன்னனீர்? எங்கடை பள்ளிக்கூட விழாவிலை அதிபர்மார் படத்துக்கு மாலை போடுறேல்லையோ?"

"அவையெல்லாம் போய்ச் சேர்ந்த ஆக்கள்! இதிலை பாதிப்பேர் உயிரோடை இருக்கினம். ஒராள் இண்டைக்கு வாறா!"

மண்டப அலங்காரம் செய்யும் சுபாங்கிக்குத் தமிழர் அல்லாதார் தந்த முதல் வேலை இது. அமெரிக்காவின் ஹால்பர்ன் அரச பல்கலைக்கழகத்தில் படித்து பாரிஸில் குடியேறியவர்களின் சங்கம். இது சரிவந்தால் வசந்தகாலப் பெருவிழாவும் உனக்கே என்று தலைவர் கிரிகோரி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அதற்கும் சேர்த்து மாலை விழுந்துவிட்டது.

"உயிரோடை இருக்கிறவையின்ரை மாலையைக் கழட்டுங்கோ, கெதியா!"

"ஆர் உயிரோடை எண்டு எனக்கென்ன தெரியும்?"

சுபாங்கி கைபேசியில் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். "தாடிக்காரர் பல்கலைக்கழகத்தின்ரை முதல் தலைவர். கமக்காரரின்ரை பிள்ளையளுக்கெண்டு துவங்கினவர். காலமை மாட்டிலை பால் கறந்துபோட்டுத்தான் வகுப்பாம்."

"போயிட்டார். அடுத்தது?"

"முதல் பட்டதாரிப் பெண். மாட்டு வைத்தியர்."

"தொப்பியைப் பார்க்கவே தெரியுது. போயிட்டா."

"கூடைப்பந்து வீரர்..."

"கலர்ப் படம். இருக்கிறார்!"

ஐங்கரனுக்கு வழி கிடைத்துவிட்டது. கலர் என்றால் உயிர், கறுப்பு வெள்ளை என்றால் பரலோகம். மளமளவென்று கழற்றினான்.

படியில் காலடிச் சத்தம்.

முன்னால் கிரிகோரி. பின்னால் பிரதம விருந்தினர் கஜானி. பாரிஸ் புறநகர் லெ பிளாங்-மெனிலில் வளர்ந்து, ஹால்பர்னில் படித்து, செயற்கைக்கோளுக்குக் கமரா செய்தவள். அவள் கையைப் பிடித்தபடி தாய் அருள்மலர், மன்னார்க்காரி.

சுபாங்கி வரிசையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். ஓரத்துப் படம் கஜானி! எவனோ கலைஞன் ஆசைப்பட்டு எடுத்த கறுப்பு வெள்ளை. மாலை அசையாமல் கிடந்தது. ஊதுபத்திப் புகை நேரே மூக்கடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மடு மாதாவே! என்ரை பிள்ளை உயிரோடை நிக்குது, படத்துக்கு மாலையோ?"

சுபாங்கி பாய்ந்தாள். மாலையை உருவிக் கஜானியின் கழுத்தில் போட்டாள். "இவவுக்குத்தான் அன்ரி. கசங்காமல் கொளுவி வைச்சனாங்கள்."

கஜானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அருள்மலர் சிரிக்கவில்லை. "பிள்ளை, நானும் செத்தவீடு கண்டனான்."

கிரிகோரியின் கண்கள் விரிந்தன. "அற்புதம்! முன்னோரின் மாலையை அடுத்த தலைமுறைக்குச் சூட்டும் சடங்கா?" என்று பிரெஞ்சில் கேட்டபடி தாடிக்காரர் முன் போய்க் கழுத்தைத் தாழ்த்தி நின்றார். பின்னால் வந்த அமெரிக்கர்களும் ஒவ்வொருவராக வரிசை கட்டினார்கள்.

சுபாங்கி அருள்மலரைப் பார்த்தாள். அந்த அம்மா வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது.

அருள்மலர் மகளைப் பார்த்தார். பூவும் சிரிப்புமாக நின்ற அவள் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு கிரிகோரி பக்கம் திரும்பி, "வுய், வுய்" என்று தலையாட்டினார்.

"வசந்தகால விழாவிலும் இந்தச் சடங்கு கட்டாயம் வேண்டும்!" என்றார் கிரிகோரி, தாடிக்காரரின் மாலையோடு.

ஏணியிலிருந்து ஐங்கரன் குரல் கொடுத்தான். "சுபா, கலர்க்காரரின்ரை மாலையளும் கிடக்கு. கொண்டரட்டோ?"

"கொண்டா தம்பி," என்றார் அருள்மலர். "முதலிலை அந்த ஊதுபத்தியை நூத்துப்போட்டு வா!"