எட்டு நிமிட வெளிச்சம்

சாமி விளக்கை ஏற்ற நெருப்புக்குச்சியை உரசப் போன நேரத்தில்தான் பின்கதவு தட்டப்பட்டது. ஞானேஸ்வரி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே திறந்தாள். பக்கத்து வீட்டு உம்மு குல்சும் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். மடவளையில் அந்த ஒழுங்கைக்கே டெலிபோன் அவள் வீட்டில் மட்டும்தான்.

"ஆஸ்பத்திரியிலேந்து ஒங்கட அம்மா கோல் எடுத்தாங்க. அப்பா மவுத்தாகிட்டாராம்." குரல் இன்னும் தாழ்ந்தது. "தங்கச்சிக்கிச் சொல்லவாணாமாம். சோதின எழுதி முடியட்டுமாம்."

"சரிங்க ராத்தா" என்றாள் ஞானேஸ்வரி. பால்காரன் வந்துவிட்டான் என்று யாராவது சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைச் சாமித்தட்டில் வைத்தாள். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கித் தேயிலை போட்டாள். அப்பா செத்துப்போனார் என்று கேட்டும் அழுகை வரவில்லை. வராதது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அறைக்குள் தங்கை ராஜேஸ்வரி நடந்துகொண்டே பாடமாக்கினாள். "சூரியனின் நடுவில் ஐதரசன் கருக்கள் ஒன்று சேர்ந்து ஈலியமாகின்றன. அப்போது குறையும் திணிவு சக்தியாக வெளிவருகிறது. ஈர்ப்பு உள்ளே இழுக்கும், அமுக்கம் வெளியே தள்ளும். இரண்டும் சமமாக இருக்கும் வரை நட்சத்திரம் நிலைத்து நிற்கும்."

போன வருடம் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தை மட்டும் கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் பெரியப்பாவின் தையல் கடைதான் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அப்பா சுந்தரலிங்கம் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வார்ட்டில் படுத்துக்கொண்டே அவளிடம் பாடம் கேட்டிருந்தார்.

"அப்ப சூரியனும் ஒரு நாளைக்கி அணஞ்சிருமா?"

"அணையும்ப்பா. இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் இருக்கு."

"அது போதும். ஒன் பரீட்ச முடிஞ்சிரும்."

"இப்பவே அணஞ்சாலும் எட்டு நிமிஷத்துக்கு நமக்கு வெளங்காது. கெளம்பி வந்த வெளிச்சம் வந்துக்கிட்டுதான் இருக்கும்."

"நல்லாருக்கே. அதுக்குள்ள ஒரு பிளேன்டீ குடிச்சிரலாம்" என்றார் அப்பா. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ராஜி இப்போது பாடசாலை வெள்ளைக் கவுன் போட்டு, இரட்டைப் பின்னலோடு வந்து சாமித்தட்டின் முன்னால் நின்றாள். திருநீறு எடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

"வெளக்கு ஏத்தலயாக்கா?"

ஞானேஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. சாவு விழுந்த வீட்டில் சாமிக்கு விளக்கேற்றக்கூடாது. கை தானாகவே குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டிருக்கிறது.

"எண்ணெ தீந்துபோச்சு."

ராஜி சாமித்தட்டை ஒரு தடவை பார்த்தாள். திருநீறைப் பூசிக்கொண்டு தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

கண்டி பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டே போனார்கள். பாடசாலை வாசலில் அவளை விட்டுவிட்டு, ஞானேஸ்வரி எதிர்ப்பக்க மதிலோரம் குடையோடு நின்றாள். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். போகவில்லை. போனால் அழுதுவிடுவோம், முகத்தைப் பார்த்துத் தங்கை கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம். மறைத்ததற்கு இவள் காலத்துக்கும் மன்னிக்கமாட்டாளே என்பது அதைவிடப் பெரிய பயம். சொல்லிவிட்டால் அப்பா ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றும் கெட்டுப்போகும். மூன்று மணித்தியாலம் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு நின்றாள். கால் வலித்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் வினாத்தாளை விரித்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ராஜி தனியாக வந்தாள்.

"எப்பிடிடி?"

"நட்சத்திரக் கேள்வி வந்திச்சு. முழுசா எழுதிட்டேன்." வினாத்தாளை நாலாக மடித்தாள். "அப்பாவ எத்தன மணிக்கு வீட்டுக்குக் கொண்டாறாங்க?"

ஞானேஸ்வரியின் கையிலிருந்த குடை சாய்ந்தது.

"எண்ணெப் போத்தல் நெறஞ்சிருந்திச்சுக்கா. தட்டுலயே வச்சிருந்தியே."

"தெரிஞ்சிக்கிட்டேவா எழுதுன? ஏன்டி கேக்கல?"

"கேட்டா நீ அழுதுருவ. அப்புறம் நான் எப்பிடி எழுதுறது?"

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெயில் ராஜியின் மடியில் விழுந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும் வரை அங்கேயே இருந்தது.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். அம்மாவைத் தாங்கிக்கொண்டு நாலு பெண்கள். சித்தப்பா செல்லச்சாமி பெட்டியை நேராக வைத்து, தலைமாட்டில் குத்துவிளக்கை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஞானேஸு, வெளக்குக்கு எண்ணெ இருக்காம்மா?"

ஞானேஸ்வரி வாயைத் திறக்குமுன் ராஜி எழுந்து உள்ளே போனாள். இன்னும் வெள்ளைக் கவுனைக் கழற்றவில்லை. போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். கழுத்து வரை எண்ணெய் இருந்ததால் முதல் சாய்ப்பிலேயே கொஞ்சம் கவுனில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. விளிம்பு வரை ஊற்றினாள்.

ஞானேஸ்வரி நெருப்புப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். காலையில் உரசாமல் போட்ட குச்சி எதுவென்று தெரியவில்லை. ஏதோ ஒன்றை எடுத்து உரசினாள்.